பன்னாடையும் மார்புக் கவசமும்

களமருதூரை அடுத்த ஒரு சிற்றூரில், சென்ற தவக்காலத்தின் ஒரு வெள்ளிக்கிழமை, மாலைத் திருப்பலி முடித்து வெளியே வந்தோம். கோயில் முற்றத்தில் இருவர் நமக்காகக் காத்திருந்தனர். ஒருவர் எழுபதை நெருங்கிய பெரியவர். தென்னந்தோப்புக் காவலும் கயிறு திரிப்பதுமாகக் காலம் தள்ளியவர். மற்றவன் அவருடைய பேரன். பொறியியற் கல்லூரியில் இறுதியாண்டு மாணவன். அவன் கையில் ஒரு சாண் சதுரமுள்ள பழுப்பு நிறத் தகடு ஒன்று இருந்தது. தட்டினால் பலகைபோல் ஒலித்தது. தூக்கினால் பலகையின் கனம் இல்லை.

"இது என்ன, தம்பி?" என்றோம்.

"பன்னாடை, ஃபாதர்" என்றான்.

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததில் வியப்பில்லை. தென்னை மட்டையின் அடியில், மரத்தைச் சுற்றிப் பிடித்தாற்போல் இருக்கும் வலைப்பின்னலே பன்னாடை. நெசவாளியின் கைபடாமல் ஊடும் பாவுமாக இயற்கையே நெய்து தந்த துணி அது. கள் இறக்குவோரும் தேன் எடுப்போரும் அதை வடிகட்டியாகக் கொண்டனர். நல்லதைக் கீழே விட்டுக் கசடைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் அதன் இயல்பு கண்டு, ஒன்றுக்கும் உதவாதவன் என்று ஒருவனை இகழவும் அச்சொல்லையே நம்மவர் வழங்கினர். நன்னூலார் மாணாக்கரைத் தரம் பிரிக்குமிடத்துக் கடைநிலையினருக்கு நெய்யரியை உவமையாகக் கூறினார். நெய்யரி என்பதற்குப் பன்னாடை என்றே உரைகாரர் பொருள் கொள்வர்.

அந்தப் பன்னாடையைப் பல அடுக்குகளாக வைத்து, எப்பாக்சிப் பிசின் ஊற்றி, அழுத்தி இறுக்கிச் செய்த தகடு அது. குண்டு துளைக்காத மார்புக் கவசங்களில் இத்தகைய நார்த்தகடுகளைப் பயன்படுத்த முடியுமா என்பது அவனுடைய ஆய்வுப் பணி. ஆசிரியர் மேற்படிப்பிலும் அதையே தொடரச் சொல்கிறாராம். அவன் கேட்க வந்த கேள்வி இதுதான்: "இந்த வேலையை நான் செய்யலாமா, ஃபாதர்? சண்டைக்கான பொருள்தானே இது?"

பெரியவர் குறுக்கிட்டார். "சாமி, என் சின்ன மகன் ரிசர்வ் போலீசுல சத்தீஸ்கர் காட்டுல நிக்கிறான். இவன் செய்யறது அவன் மார்புல ஏறுமா, ஏறாதா? அதை மட்டும் சொல்லச் சொல்லுங்க."

ஒரே பொருளைப் பற்றி இரு கேள்விகள். ஒன்று, 'இது தகுமா?' என்கிறது. மற்றொன்று, 'இது காக்குமா?' என்கிறது. அன்று நாம் கூறிய விடை அரைகுறையானது. பின்னர் நூல்களைப் புரட்டியும் சிந்தித்தும் நாம் கண்டவற்றை வாசக அன்பர்களின் முன் வைக்கிறோம்.

நாரால் உடலைக் காப்பது புதிய எண்ணம் அன்று. கவசம் என்றவுடன் இரும்பே நம் நினைவுக்கு வருகிறது. ஆயினும் இரும்பு கிடைக்காத இடத்திலும், இரும்பின் கனமும் வெம்மையும் தாங்கமுடியாத இடத்திலும், மனிதன் செடியையும் மரத்தையுமே நாடினான். சங்கப் பாடல்களில் 'மெய்ம்மறை' என்னும் அழகிய சொல் உண்டு. மெய்யை மறைப்பது மெய்ம்மறை. பண்டைக் கிரேக்க வீரர் ஆளிச்செடி நாரால் நெய்த துணியைப் பல மடிப்பாக்கி மார்பில் அணிந்தனர். மெக்சிகோவின் பழங்குடி மக்கள் பஞ்சு திணித்துத் தைத்த பருத்திக் கவசம் பூண்டனர். அவர்களை வெல்ல வந்த ஸ்பானியரே அந்த வெயிலில் அதை விரும்பி அணிந்ததாக வரலாறு கூறும். பசிபிக் பெருங்கடலில் கிரிபாட்டித் தீவினர் தேங்காய் நாரைக் கயிறாக்கி, அதையே தலை முதல் கால் வரை கவசமாகப் பின்னினர். அவற்றுட் சிலவற்றை இன்றும் இங்கிலாந்தின் அருங்காட்சியகங்களில் காணலாம். சுறாப் பல் பதித்த வாளுக்கு எதிராகத் தென்னையே அவர்களுக்குத் துணை நின்றது.

கவசத்தின் கனம் எத்துணைப் பெரிய சிக்கல் என்பதைத் திருவிவிலியம் அறிந்தவர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. கோலியாத்தின் மார்புக் கவசம் ஐயாயிரம் செக்கேல் நிறையுள்ளது. நம் கணக்கில் ஐம்பது கிலோவுக்கு மேல். சவுல் தம் கவசத்தைத் தாவீதுக்கு அணிவித்தபோது, அச்சிறுவன் அதைப் பூண்டு நடக்கவே இயலாமல் கழற்றி வைத்தான். அணிந்தவனை நடக்கவிடாத கவசம், அது எவ்வளவு உறுதியானதாயினும், அவனுக்குச் சிறையே.

துப்பாக்கி வந்தபின் நாரின் காலம் முடிந்தது என்று உலகம் எண்ணியது. அவ்வெண்ணத்தை மாற்றியவர்களுள் ஒருவர் ஒரு துறவி என்பது நமக்குச் சிறப்பான செய்தி. 1893-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள், சிகாகோ நகரத் தந்தை கார்ட்டர் ஹாரிசன் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்நகரின் புனித ஸ்தனிஸ்லாஸ் கோஸ்கா பங்கில் பணியாற்றிய கசிமீர் செக்லென் என்னும் போலந்து நாட்டுத் துறவியை அக்கொலை உலுக்கியது. அவர் பட்டு நூலை நெருக்கி நெய்து, அடுக்கி, குண்டு துளைக்காத உட்சட்டை ஒன்றை உருவாக்கி 1897-இல் காப்புரிமை பெற்றார். அந்நாளைய கைத்துப்பாக்கியின் மெதுவான குண்டுகளை அது தடுத்தது. ஆயினும் 1914-இல் அத்தகைய பட்டுச் சட்டை ஒன்றின் விலை ஏறத்தாழ 800 டாலர். தெருமுனையில் நின்ற காவலருக்கு அது எட்டவில்லை; செல்வர்க்கும் அரசர்க்குமே எட்டியது. இச்செய்தியைப் பின்னர் எடுத்துக்கொள்வோம்.

அடுத்த பெருந்திருப்பம் 1965-இல் நிகழ்ந்தது. அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் ஸ்டெபனி குவோலெக் என்னும் பெண்மணி புதிய இழை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். இவரும் போலந்து வழியினர். அவர் கரைத்த கரைசல் தெளிவாக இல்லை, கலங்கலாக இருந்தது. நூற்பு இயந்திரத்தின் நுண்துளைகளை அது அடைத்துவிடும் என்று அஞ்சி, அதை இயக்குபவர் முதலில் மறுத்தாராம். வற்புறுத்தி நூற்றுப் பார்த்தபோது கிடைத்த இழை, எடைக்கு எடை இரும்பைவிட ஐந்து மடங்கு வலியதாக இருந்தது. அதுவே கெவ்லார். கசடு என்று கொட்டப்படவிருந்தது எண்ணற்றோர் உயிரைக் காத்தது.

குண்டை நார் எப்படித் தடுக்கிறது? ஓடிவரும் மாட்டை ஒரே கயிறு நிறுத்தாது. பல கயிறு பின்னிய வலை நிறுத்தும். குண்டு ஓர் இழையை இழுக்கும்போது, அதைக் குறுக்கே கடக்கும் இழைகளும் சேர்ந்து இழுபடுகின்றன. ஒரு புள்ளியில் விழுந்த அடி ஒரு முழப் பரப்புக்குப் பரவிவிடுகிறது. கைத்துப்பாக்கிக் குண்டுக்கு இது போதும். நீள்துப்பாக்கியின் குண்டு இதை ஊடுருவிவிடும். ஆகவே முன்னே ஒரு கடினமான பீங்கான் வகைத் தகட்டை வைக்கின்றனர். அது குண்டின் முனையை நொறுக்கித் தானும் நொறுங்குகிறது. அச்சிதறல்களைப் பின்னாலுள்ள நார்த்தகடு பிடித்துக்கொள்கிறது. 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் நம் நாட்டின் பாதுகாப்பு ஆய்வு அமைப்பும் டில்லி ஐ.ஐ.டி.யும் இணைந்து அறிவித்த 'அபேத்' என்னும் கவசமும் இம்முறையைச் சேர்ந்ததே. போரான் கார்பைடு என்னும் பீங்கானும் செயற்கைப் பலபடிப் பொருளும் கொண்டு, காப்பின் தரத்திற்கேற்ப 8.2 கிலோவும் 9.5 கிலோவுமாக அதன் எடையைக் குறைத்துள்ளனர்.

பின்னே நின்று சிதறலைப் பிடிக்கும் அந்த இடத்திற்குத்தான் இன்று இயற்கை நார்கள் போட்டியிடுகின்றன. பிரேசில் நாட்டின் ரியோ நகரிலுள்ள இராணுவப் பொறியியல் நிறுவனத்தார் சணல், ராமி, கற்றாழை, மூங்கில், அன்னாசி இனத்தைச் சேர்ந்த குராவா முதலிய நார்களைப் பிசினோடு கலந்து தகடாக்கி, அலுமினாப் பீங்கானுக்குப் பின்னே வைத்து, 7.62 மில்லிமீட்டர் நீள்துப்பாக்கிக் குண்டால் சுட்டுப் பார்த்தனர். தனியே நின்றால் கெவ்லார் இனத்துத் தகட்டுக்கு அந்நார்த்தகடுகள் ஈடாகவில்லை. பீங்கானுக்குப் பின்னே நின்றபோது ஏறத்தாழ ஈடாயின. நாரும் பிசினும் சேர்ந்த பரப்பில் பீங்கான் துகள்கள் பதிந்து சிக்கிக்கொண்டதே இதற்குக் காரணம் என்று அவர்கள் கண்டனர். கசடைத் தன்னிடம் பிடித்து வைக்கும் பன்னாடைக் குணமே அது! கற்கும் மாணவனிடம் குறையாக எண்ணப்பட்ட இயல்பு, காக்கும் கவசத்தில் சிறப்பாகிறது.

பன்னாடையையே சோதித்தவர்களும் உளர். வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தாரும் மலேசியாவின் புத்ரா பல்கலைக்கழகத்தாரும் இணைந்து, கெவ்லாரின் ஒரு பகுதிக்குப் பதிலாகத் தென்னைப் பன்னாடையை வைத்துத் தகடுகள் செய்து, 9 மில்லிமீட்டர் குண்டுகளால் ஆராய்ந்தனர். பன்னாடை கலந்த தகடுகள் சில வேகங்களில் குண்டின் ஆற்றலை நன்கு உள்வாங்கின. ஆயினும், குண்டைத் தடுத்து நிறுத்தவல்ல வேக எல்லையில் தூய கெவ்லாரைவிடத் தாழ்ந்தே நின்றன. அவர்கள் தம் பொருளின் நிறையோடு குறையையும் எழுதியுள்ளனர்.

இயற்கை நார்கள் பல மடங்கு மலிவானவை. மண்ணில் மக்கிப்போகக் கூடியவை. கண்ணாடி இழையைவிடவும் இலேசானவை. இவை அவற்றின் நிறைகள். நார் நீரைக் குடிக்கும். குடித்தால் பிசினோடு உள்ள பிடிப்புத் தளரும். ஒரு மரத்து நார்போல் மறுமரத்து நார் இராது. மண்ணும் மழையும் வயதும் அதன் வலிமையை மாற்றும். இவை குறைகள். எரிசோடாவில் ஊறவைத்துப் பிடிப்பைக் கூட்டலாம். குறையை அறவே போக்கிவிட முடியாது.

செய்திகள் இவை. இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். கவசம் செய்தல் தகுமா?

'இதில் என்ன ஐயம்? கவசம் யாரையும் கொல்வதில்லையே' என்று பலர் உடனே கூறுவர். நாமும் அன்று அப்படித்தான் கூறினோம். குருமடத்தில் நாம் கற்ற அறநெறி இறையியலும் இதற்குத் துணை நிற்பதாகவே தோன்றியது. தன்னைக் காக்கும் செயலில் இரு விளைவுகள் உண்டு என்றும், தன் உயிரைக் காப்பதே நோக்கமாக இருந்து, தேவைக்கு மீறிய வன்மை சேராதவரை அச்செயல் குற்றமாகாது என்றும் புனித தோமா அக்குவினா தம் இறையியல் தொகுப்பில் விளக்கினார். கவசத்திலோ இரண்டாம் விளைவே இல்லை. தாக்க வந்தவனுக்கு அதனால் ஒரு கீறலும் இல்லை. பிறர் உயிருக்குப் பொறுப்பேற்றவர்க்குத் தற்காப்பு உரிமை மட்டுமன்று, கடமையுமாகும் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலும் கற்பிக்கிறது.

ஆயினும் வரலாறு நம்மைச் சற்று நிறுத்துகிறது. 1880-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆஸ்திரேலியாவின் கிளென்ரோவன் என்னும் ஊரில், நெட் கெல்லி என்னும் கொள்ளைக்காரன் 40 கிலோவுக்கு மேற்பட்ட இரும்புக் கவசம் பூண்டு காவலரை எதிர்த்தான். அக்கவசம் உழவரின் கலப்பைத் தகடுகளை அடித்துச் செய்தது. வாள்கள் கலப்பைக் கொழுக்களாகும் நாளை இறைவாக்கினர் எசாயா கண்டார்; இங்கே கலப்பை கொள்ளையனின் கவசமாயிற்று. 1997-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-இல் அமெரிக்காவின் வட ஹாலிவுட்டில், உடல் முழுதும் கவசம் பூண்ட வங்கிக் கொள்ளையர் இருவரை நெடுநேரம் காவலரின் கைத்துப்பாக்கிகளால் வீழ்த்த முடியவில்லை. காவலர் பலர் காயமுற்றனர். கவசம் அணிந்தவனுக்கு அச்சம் குறைகிறது; அச்சம் குறைந்த கொடியவன் கொடுமையை நீட்டிக்கிறான்.

மேலும், ஒவ்வொரு கவசமும் அதைத் துளைக்கும் குண்டு ஒன்றைத் தேடத் தூண்டுகிறது. நார்க்கவசம் வந்தது, எஃகு முனைக் குண்டு வந்தது. பீங்கான் வந்தது, அதைத் துளைக்கவும் முயல்கின்றனர். கெவ்லார் கண்டறியப்பட்ட அதே 1965-ஆம் ஆண்டின் டிசம்பர் 7-ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் இன்றைய உலகில் திருச்சபை பற்றிய தன் ஏட்டை வெளியிட்டது. முறையான தற்காப்புரிமையை மறுக்காத அவ்வேடே, படைக்கலப் போட்டி மனித குலத்தைச் சிக்கவைக்கும் பொறி என்றும், ஏழைகளை அது வாட்டுகிறது என்றும் எச்சரித்தது. கவசமும் அப்போட்டியின் ஒரு கண்ணி அல்லவா?

இத்தடையை நாம் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. ஆயினும் வாளுக்கும் கவசத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காண ஓர் உரைகல் உண்டு. 'இது என் பகைவனுக்கும் கிடைக்கட்டும்' என்று நம்மால் சொல்ல முடியுமா? வாளைக் குறித்து யாரும் அப்படிச் சொல்வதில்லை; சொன்னால் அது தற்கொலை. கவசத்தைக் குறித்துச் சொல்லலாம். பகைவன் சாகவேண்டும் என்பது நம் விருப்பம் அன்று, அவன் நம்மைக் கொல்லாதிருக்க வேண்டும் என்பதே விருப்பம் என்றால், அவன் மார்பிலும் கவசம் இருப்பதில் நமக்கு இழப்பு இல்லை. கொள்ளையன் அணிந்த கவசம் நம்மை அச்சுறுத்துவது, அவன் கையில் துப்பாக்கியும் இருப்பதால்தான். அக்கையை வெறுங்கையாக்கிவிட்டால், கவசம் வெறும் சட்டை. ஆகவே தீமை கையிலுள்ள கருவியிலும் அதைப் பிடித்த உள்ளத்திலும் தங்குகிறது. மார்பிலுள்ள நாரில் தங்கவில்லை. அது தீயவனுக்கும் உதவக்கூடும் என்பது உண்மையே. மருத்துவன் கட்டும் கட்டும் தீயவனுக்கு உதவும். அதற்காக நாம் மருத்துவனைக் கண்டிப்பதில்லை. யாருக்கு, எதற்காக விற்கப்படுகிறது என்று கண்காணிக்கும் கடமையை அரசின்மேல் வைக்கிறோம். செய்பவனுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. தன் கைப்பொருள் போகும் திசையை அவன் கேட்டறிய வேண்டும்.

எனவே, 'செய்யலாம்' என்பதே நம் விடை. ஆனால் அவ்விடையோடு கேள்வி முடிந்துவிடவில்லை. அதைவிடக் கடினமான கேள்வியைப் பெரியவர் தம் அறியாமையாலேயே எழுப்பிவிட்டார். 'அவன் மார்புல ஏறுமா?' என்றார் அல்லவா? யார் மார்பில் எந்தக் கவசம் ஏறுகிறது என்பது நீதியின் கேள்வி.

2018-ஆம் ஆண்டு ஏப்ரலில் நம் இராணுவத்திற்காக 1,86,138 கவசங்களை ஏறத்தாழ 639 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் ஆயிற்று. வகுத்துப் பார்த்தால் ஒன்று சுமார் 34,000 ரூபாய். ஓர் உயிருக்கு இது பெரிய விலையன்று. ஆயினும் எல்லைப் படையினர், ரிசர்வ் காவலர், மாநிலக் காவலர், சிறைக் காவலர், வனக் காவலர் என்று எண்ணிக்கை பெருகும்போது, கணக்கு எழுதுவோர் மலிவானதைத் தேடுவது இயல்பு. அவ்விடத்தில் இயற்கை நார் ஒரு நற்செய்தியாக வருகிறது. செக்லெனின் பட்டுக்கவசம் எட்டாத தெருமுனைக் காவலனுக்குத் தென்னையின் பன்னாடை எட்டலாம்.

ஆனால் அங்கேயே ஒரு கண்ணியும் இருக்கிறது. மலிவானது என்பதற்காகவே எளியவர்க்குக் குறைந்த காப்பைத் தந்துவிடும் சோதனை அது. அதிகாரிக்கு விலையுயர்ந்தது, அடிமட்டக் காவலனுக்கு 'இதுவே போதும்' என்பது. இந்தப் 'போதும்' என்ற சொல்லை நாம் மிகவும் அஞ்சுகிறோம். கூலியில் போதும், பள்ளியில் போதும், மருந்தில் போதும் என்று ஏழைக்கு அளந்து வைத்த சொல் அது.

கவச அறிவியலில் 44 மில்லிமீட்டர் என்று ஓர் அளவு உண்டு. குண்டு கவசத்தைத் துளைக்காவிட்டாலும் அதன் அடி கவசத்தை உள்நோக்கிப் பிதுக்கும். விலா முறியலாம், நெஞ்சு நசுங்கலாம். ஆகவே கவசத்தின் பின்னே களிமண் வைத்துச் சுட்டு, அதில் விழும் பள்ளம் 44 மில்லிமீட்டரை மீறக்கூடாது என்று அமெரிக்காவின் தேசிய நீதி நிறுவனம் வகுத்தது. 1970-களில் ஆடுகளைக் கொண்டு செய்த சோதனைகளிலிருந்து வந்த அளவு அது. அவ்வெண்ணுக்குப் பின்னே வாயற்ற உயிர்களின் நோவும் உண்டு. பிரேசிலின் நார்த்தகடுகளைக் குறித்து நாம் மகிழ்வதற்குக் காரணம், பீங்கானோடு சேர்ந்து அவை அந்த அளவுக்குள் நின்றன என்பதே. ஏழைக்காக அளவைத் தளர்த்தவில்லை. அதே அளவில் மலிவானது தேறியது. மலிவு அறமாவது இவ்வாறுதான். அளவுகோல் ஒன்றாக இருந்து விலை மட்டும் குறையுமானால் அது ஏழைக்குச் செய்யும் நீதி. விலையோடு அளவுகோலும் குறையுமானால் அது கொலைக்குத் துணைபோதல்.

இங்கே இறைக் கட்டளைகளுள் ஐந்தாவதும் எட்டாவதும் ஒன்றாகிவிடுகின்றன. தேறாத கவசத்தைத் தேறியது என்று எழுதும் பொய்யே கொலை. 2008-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் இரவு மும்பையில் காவல்துறை அதிகாரி ஹேமந்த் கர்கரே உயிர்நீத்தபின், அவர் அணிந்திருந்த கவசத்தின் தரம் குறித்து நாடெங்கும் கேள்விகள் எழுந்ததை நாம் மறக்கவில்லை. அவருடைய மரணத்துக்கு அதுதான் காரணம் என்று நாம் கூறவில்லை. ஆனால் ஒரு கைம்பெண் அக்கேள்வியைக் கேட்க நேர்வதே ஒரு நாட்டுக்குத் தாழ்வு.

அதே இரவில் துக்காராம் ஓம்ப்ளே என்னும் உதவித் துணை ஆய்வாளர், கையில் லத்தி மட்டுமே கொண்டு, கொலையாளியின் துப்பாக்கிக் குழலை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். குண்டுகள் முழுதும் அவர் உடலில் இறங்கின. பின்னே நின்றவர் பிழைத்தனர். கொலையாளி உயிரோடு பிடிபட்டான். அவருக்கு அசோகச் சக்கர விருது வழங்கப்பட்டது. கவசம் இல்லாதவர் தம் உடலையே பிறருக்குக் கவசமாக்கினார். அத்தகைய ஈகையின்முன் நாம் தலைவணங்குகிறோம். ஆயினும் தியாகத்தைப் புகழ்ந்துகொண்டே அதன் பெயரால் செலவை மிச்சப்படுத்தும் சமுதாயம் நன்றியுள்ள சமுதாயம் ஆகாது. கர்ணனின் கவசத்தை இரந்து பெற்றவனைக் கதையும் பெரியவனாகக் காட்டவில்லை.

இன்னொரு நீதியும் உண்டு. தோப்பில் அடுப்பெரிக்கவும் குப்பையில் எறியவும் படும் பன்னாடைக்கு நாளை விலை வருமானால், அவ்விலையில் மரமேறுபவனுக்கும் நார் பிரிக்கும் பெண்ணுக்கும் என்ன பங்கு? மேற்கே நிற்கும் கல்வராயன் மலையின் மக்கள் 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையின்கீழ் இருந்தவர்கள். தம் உழைப்பின் பயன் பிறர் களஞ்சியம் சேர்வதை அவர்கள் தலைமுறைகளாகக் கண்டவர்கள். வரப்போரத்துக் கற்றாழைக்கும் சணலுக்கும் சந்தை பிறக்கும்போது அதே கதை திரும்பாதிருக்க வேண்டும். ஒருவன் மார்பைக் காக்கும் பொருள் மற்றொருவன் வயிற்றில் அடித்துச் செய்ததாக இருக்கலாகாது.

களமருதூர் என்னும் பெயரைக் கேட்குந்தோறும் தமிழின் ஒரு விந்தை நம் நினைவுக்கு வருவதுண்டு. களம் என்றால் நெல்லடிக்கும் களம். களம் என்றால் படை பொருதும் களம். போர் என்றால் சண்டை. போர் என்றால் வைக்கோற்போர். பழம்புலவர் போர்க்களத்தை ஏர்க்களமாக உருவகித்துப் பாடினர். வாளை ஏராகவும், வீழ்ந்த உடல்களைக் கதிராகவும் கண்ட அவ்வுருவகம் மன்னர் அவையில் பரிசு பெற்றிருக்கலாம். ஏர்க்களத்தில் நிற்கும் நம் மக்களுக்கு இரு களங்களும் ஒன்றல்ல. ஏர்க்களத்திலிருந்து ஒரு பிள்ளை போர்க்களத்துக்குப் போகிறான். அவனைத் தேடி ஏர்க்களத்தின் நார் போகிறது. அவன் திரும்பி வரவேண்டும் என்பதற்காக மட்டுமே அது போகவேண்டும்.

கவசத்தால் எல்லாம் முடியும் என்று நாம் மயங்குவதற்கும் இடமில்லை. மாறுவேடம் பூண்டு கவசத்தோடு போருக்குச் சென்ற ஆகாபு அரசனைக் கவசத்தின் இணைப்பிடையே புகுந்த ஓர் அம்பு வீழ்த்தியது. 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-இல் புல்வாமாவில் வெடித்த வண்டிக்குமுன் எந்த மார்புக் கவசமும் உதவியிராது. மாண்ட 40 பேருள் நம் தமிழ்நாட்டின் பிள்ளைகள் இருவர். எவ்வளவு நெருக்கி நெய்தாலும் கவசத்தில் ஓர் இடைவெளி இருந்தே தீரும். அவ்விடைவெளியை அடைக்கவல்ல ஒரே நூல் அமைதி. புனித பவுல் எபேசியருக்கு எழுதியபோது உண்மையையும் நீதியையும் அணிகலமாகக் கூறி, காலுக்கு அமைதியின் நற்செய்தியை மிதியடியாகக் கூறினார். மார்பு காக்கப்பட்டால் மட்டும் போதாது, கால் எத்திசை நடக்கிறது என்பதும் வேண்டும் என்று நாம் அதைப் பொருள்கொள்கிறோம்.

அந்த மாலையின் முடிவை இன்னும் கூறவில்லை. பேசி முடித்து எழுந்தபோது பெரியவர் பேரனின் கையிலிருந்த தகட்டை வாங்கித் தம் மார்பில் வைத்துப் பார்த்தார். பிறகு, "இதை எனக்குக் குடு. உன் சித்தப்பனுக்கு அனுப்பி வைக்கிறேன். சட்டைக்கு உள்ளார வச்சுக்கட்டும்" என்றார்.

அவன் முகம் வாடியது. "குடுக்க மாட்டேன், தாத்தா" என்றான்.

"ஏன்டா? உன் சொந்தச் சித்தப்பன்தானே?"

"அதனாலதான் தாத்தா. இதை இன்னும் சுட்டுப் பார்க்கலை. இது தாங்கும்னு நம்பி அவர் முன்னாடி போய் நின்னுட்டா?"

பெரியவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. தகட்டைத் திருப்பித் தந்தார். தந்தபோது கை நடுங்கியதை நாம் கண்டோம். மகனுக்கு அனுப்ப அவரிடம் வேறு ஒன்றும் இல்லை.

அன்பனே, நீ கேட்ட கேள்விக்கு அப்போதே உன் வாயால் விடை வந்துவிட்டதை நீ அறியவில்லை. நாமும் பல நாள் கழித்தே அறிந்தோம். சோதிக்காததைக் கொடுக்கமாட்டேன் என்று உன் குருதியுறவிடம் மறுத்தாயே, அந்த மறுப்பை நாளை ஒப்பந்தக்காரனிடமும் மேலதிகாரியிடமும் சொல்வாயானால் நீ இவ்வேலையைச் செய்யலாம். நனைத்துச் சோதி, வெயிலில் காயவைத்துச் சோதி, தோற்றதைத் தோற்றது என்று எழுது. உன் சித்தப்பாவின் பெயர் தெரியாத எந்தக் காவலனையும் உன் சித்தப்பாவாகவே எண்ணு.

பெரியவரின் கேள்விக்கும் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். ஐயா, இன்று ஏறாது. என்றேனும் ஏறினால், நேர்மையாக ஏறட்டும். அதற்கு முன்பே உங்கள் மகன் கவசம் வேண்டாத ஊருக்கு, இந்தத் தோப்புக்கே, திரும்பி வரட்டும் என்று நாள்தோறும் பலிபீடத்தில் நினைவுகூர்கிறோம்.